மரவள்ளி சீக்கிரம் பூத்தால் விவசாயிக்கு என்ன லாபம்? ஜீன் எடிட்டிங் சொல்லும் கதை

தருமபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் மரவள்ளி முக்கியமான பணப்பயிர். குச்சிக்கிழங்கு என்றால்தான் பலருக்குப் புரியும். ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளில் எடை மட்டும் போதாது. மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்த்துத்தான் விலை போடுவார்கள்.

புது ரகம் வர ஏன் இவ்வளவு லேட்?

மரவள்ளியை விதை போட்டு வளர்ப்பதில்லை. தண்டை வெட்டி, கரணையாக நடுகிறார்கள். வசதிதான். ஆனால் தேமல் நோய் வந்த செடியின் குச்சியை நட்டால் வைரஸும் கூடவே வந்துவிடும். மீதியை வெள்ளை ஈ பார்த்துக்கொள்ளும்.

நோயைத் தாங்கும் ரகம் வேண்டுமென்றால் இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்க்கணும். அதற்குப் பூ வேண்டும். மரவள்ளியில் தண்டு கிளை பிரியும் முனையில்தான் பூ வரும். கிளைக்காமல் நேராக வளரும் ரகங்கள் தாமதமாகப் பூக்கும். சில பூப்பதே இல்லை.

சரி, ஜீன் எங்கே வருது?

இலையில் உருவாகி, தண்டின் நுனிக்குப் போய் 'இப்போ பூ' என்று சொல்லும் ஒரு புரதம் உண்டு. அதை உருவாக்கும் ஜீனின் பெயர் எஃப்.டி. சுவிட்சர்லாந்தின் இ.டி.எச். சூரிச் விஞ்ஞானிகள், அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் எஃப்.டி. ஜீனை, கிரிஸ்பர் கருவியோடு சேர்த்து மரவள்ளிக்குள் வைத்தார்கள். ஆய்வு 2018-ல் வெளியானது. கிரிஸ்பர், மாவுச்சத்தில் அமைலோஸ் உருவாவதைக் குறைத்தது அல்லது அடியோடு நிறுத்தியது. எஃப்.டி., செடியைச் சீக்கிரம் பூக்க வைத்தது. பூத்ததால் விதை கிடைத்தது. அடுத்த தலைமுறையில், வெளியிலிருந்து வைத்த ஜீன்கள் விலகி, திருத்தம் மட்டும் தங்கிய செடிகளும் கிடைத்தன. இதுதான் உண்மையான சாதனை. அமைலோஸ் இல்லாத மாவு ஆறினாலும் எளிதில் இறுகாது. உணவுத் தொழிலுக்கு அது பிடிக்கும்.

அப்போ தேமலையும் ஒழிச்சிடலாமா?

அவ்வளவு சுலபமில்லை. கிரிஸ்பரால் தேமல் வைரஸையே வெட்ட முயன்ற ஆய்வு 2019-ல் வெளியானது. செடிக்கு எதிர்ப்பு கிடைக்கவில்லை. மாறாக, திருத்தப்பட்ட வைரஸ் மரபணுத் தொகுதிகளில் 33 முதல் 48% வரை, இனி வெட்டவே முடியாதபடி மாறிவிட்டன.

இந்தியாவில் நிலை என்ன?

வெளி ஜீன் இல்லாத ஜீன் எடிட் பயிர்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. 2025 மே மாதம் இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. மரவள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே 'ஜீன் எடிட் கரணை' என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீங்க. தேமலைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா போன்றவை திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வழக்கமான ஒட்டு முறையில் உருவாக்கியவை. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் ரகங்களைப் பற்றி விசாரிக்கலாம்.