ஈப்போ வளர்ந்தது ஈயத்தால் மட்டும்தானா?

ஈப்போ என்றதும் பலருக்கும் ஈயம்தான் நினைவுக்கு வரும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்ட வந்த சீனர்களால் வளர்ந்த நகரம் என்றே அதன் வரலாறு சொல்லப்படுகிறது. அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று.

ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பாலை ஒராங் அஸ்லி மக்கள் அம்பு முனையில் நஞ்சாகத் தடவினர். ஆற்றங்கரை மலாய்க் கிராமமாக இருந்த இடம், 1937இல் தைப்பிங்கிற்குப் பதிலாகப் பேராக்கின் தலைநகரானது, 1988இல் மாநகரானது. பங்ளிமா கிந்தா பள்ளிவாசல், பேராக் தோங் குகைக் கோயில், கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம், ஆங்கிலேயர் எழுப்பிய இரயில் நிலையம் எனப் பல மரபுகள் இங்கே அருகருகே நிற்கின்றன.

தமிழர் பங்கு ஆலயத்தோடு முடிந்துவிடவில்லை. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் மோட்டார் வாகனங்கள் பெருகியதால் உலகச் சந்தையில் ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. பேராக் காடுகள் தோட்டங்களாயின. காடு அழிக்கவும் பால்மரம் சீவவும் தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர்.

பத்து காஜா அருகிலுள்ள கெல்லி மாளிகை இதற்கு நல்ல சான்று. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் ரப்பர் தோட்ட முதலாளி. மாளிகை கட்ட மதராசிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார். நோய் பரவிப் பலர் மாண்டபோது, மற்றவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டனர். அவரும் கட்டிக் கொடுத்தார். 1926இல் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் ஸ்மித் இறந்தார். மாளிகை பாதியில் நின்றது. இன்று சுற்றுப்பயணிகள் அனைவருக்கும் ஸ்மித்தின் பெயர் தெரிகிறது. அங்கே கல் சுமந்தவர்களில் ஒருவர் பெயராவது தெரிகிறதா?

கற்கட்டடங்களைப் பாதுகாக்க ஆள் உண்டு. தோட்ட வாழ்க்கைக்கோ அப்படிப்பட்ட சின்னங்கள் குறைவு. பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன, பெரட்டுக் களத்தில் புல் முளைத்தது. பிள்ளைகளுக்குத் தாமான் பெயர் தெரியும். தாத்தா பால்மரம் சீவிய தோட்டத்தின் பெயர் தெரியாது.

எஞ்சியிருப்பவை பெரியவர்களின் நினைவுகளும், பழைய திருமண அழைப்பிதழ்களும், கோயில் கல்வெட்டுகளும், பள்ளிப் பதிவேடுகளுமே. எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதை ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது இப்போதே எழுதி வைக்க வேண்டும். சொல்லக்கூடிய தலைமுறை மறைந்துவிட்டால், ஈப்போவின் வரலாற்றில் தமிழர் பக்கம் வெற்றுப் பக்கமாகவே இருந்துவிடும்.