வண்டலூர் கேட்டும் ஒரு சீமைக் காரும்

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கத்தில் கேட்டார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றியும் வார்டன் விசிலைப் பற்றியும் எழுத எப்படியும் நாலைந்து பேர் இருப்பார்கள். ஆகவே நான் ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். மாணவச் செல்வங்களே, 'அங்கிள் ஆரம்பிச்சுட்டாரு' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நம் தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவில் நடந்த சரித்திரம்.

1985 மார்ச் மாதம். மெல்போர்னில் நம் கிரிக்கெட் அணி கோப்பையை வென்று, ரவி சாஸ்திரிக்கு ஆடி 100 கார் பரிசாகக் கிடைத்தது. மொத்த அணியும் அதன் மேல் தொற்றிக்கொண்டு மைதானத்தை வலம் வந்ததை விடுதி டி.வி. அறையில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். அடுத்த வாரமே அறைச் சுவர்களில் போர்ஷே 944, ஆடி குவாட்ரோ, போர்டு காப்ரி படங்கள் ஏறிவிட்டன. இரண்டு கதவு, தாழ்ந்த மூக்கு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை. இந்த மாதிரி வண்டிக்குத்தான் 'கூபே' என்று பெயர் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். அன்றைய இறக்குமதி வரிக்கு, அதைச் சொந்தமாக வாங்குவது என்ன, தொட்டுப் பார்ப்பதே நடவாத காரியம்.

ஆனால் அதே வருஷம், அந்த வண்டிகளுக்குத் தூரத்து உறவான ஒன்று ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கள் கண்ணெதிரே ஓடியது. ஸ்டாண்டர்டு 2000! ஊரே அந்த வருஷம் திறந்த வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் படையெடுக்க, நாங்கள் சிலர் மட்டும் தொழிற்சாலை கேட் எதிரே டீக்கடையில் நின்று, எப்போது ஒரு வண்டி வெளியே வரும் என்று காத்திருப்போம்.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியும் சென்னை யூனியன் கம்பெனியும் கைகோத்து 1948-ல் தொடங்கியதுதான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1950-ல் வண்டலூர் தொழிற்சாலை திறக்கப்பட்டது. முதலில் வான்கார்டு, பிறகு எயிட், டென், பென்னன்ட். 1961-ல் வந்தது ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலாட்டி வரைந்த வண்டி அது. பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுதுமே முதலை வாய் மாதிரி திறக்கும். இரண்டே கதவு. நம் ஊர் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய முதல் 'ஸ்டைல்' கார் என்றே சொல்லலாம். பிறகு நான்கு கதவு ஹெரால்டு, 1972-ல் கெசல். எழுபதுகளின் கடைசியில் கார் நின்றது. வேன் மட்டும் தொடர்ந்தது.

அந்த மௌனத்தை உடைத்துக்கொண்டு வந்ததுதான் ஸ்டாண்டர்டு 2000. அதன் மூலம், 1976-ல் இங்கிலாந்தில் வெளியான ரோவர் எஸ்.டி.1. டேவிட் பாஷ் என்பவர் ஃபெராரி டேடோனாவின் சாயலை மனத்தில் வைத்து உருவாக்கியது. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதும் வாங்கியது. பின் கதவையும் சேர்த்து ஐந்து கதவு இருப்பதால் அதைக் கூபே என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் தூரத்தில் நின்று அந்தக் கூரைச் சரிவைப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

உருவம் அப்படி; உள்ளம்? சீமையில் அதற்குப் பொருத்திய பெரிய எஞ்சின் எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர், 155 குதிரை சக்தி. இங்கே போட்டதோ 1991 சி.சி., 83 குதிரை சக்தி. வான்கார்டு காலத்து எஞ்சினைத்தான் திருத்திப் பொருத்தினார்கள். அந்த எஞ்சின் குடும்பத்தைக் குறைவாகவும் நினைக்க வேண்டாம். ஃபெர்குசன் டிராக்டரையும் அதுதான் இழுத்தது, டிரையம்ப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரையும் அதுதான் பறக்க வைத்தது. ஆனால் அது நாற்பதுகளின் சங்கதி. நம் ரோட்டுக்காக வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். ஓட்டப் பந்தய வீரனுக்குத் தாத்தாவின் இதயத்தை வைத்த கதைதான். 1983 டிசம்பரிலேயே மாருதி 800 வந்துவிட்டது. சிக்கனமான சின்ன வண்டி பக்கம் ஜனங்கள் திரும்பிவிட்டார்கள். 1988-ல் வண்டலூரில் கார் உற்பத்தி நின்றே போயிற்று.

எங்கள் விடுதித் தோழன் ஒருவனின் அப்பா அங்கே பாடி ஷாப்பில் வேலை பார்த்தார். கேட் மூடிய பிறகும் ஆறு மாசம் வரைக்கும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருவாராம். "நாளைக்குத் தொறந்துடுவாங்க" என்பாராம். தோழன் மேற்படிப்புக் கனவை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

1996-ல் நான் ஒரு பழைய ஸ்டாண்டர்டு 2000 வாங்கினேன். அப்போது எங்கள் கோவிலம்பாக்கம் ஏரியும் வயலுமாகக் கிடந்த கிராமம். உதிரி பாகத்துக்காகப் புதுப்பேட்டையில் நான் சுற்றாத சந்து கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழன் அப்பாவை அழைத்து வந்தான். நான் முன்சீட்டைக் காட்டி, "உட்காருங்கப்பா, ஒரு ரவுண்டு போய் வரலாம்" என்றேன். அவரோ நேரே பின்பக்கம் போனார்.

"தம்பி, இந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கி எறக்குங்க."

மூடிய கதவின் இரண்டு பக்கமும் விரலை ஓட்டிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி. இது நம்ம வேலைதான்" என்றார். அதன்பிறகுதான் வண்டியில் ஏறினார். அத்தனை வருஷம் செய்த வண்டியில் அவர் உட்கார்ந்து போனது அன்றுதான் முதல் தடவை என்பதைத் தோழன் பிறகு சொன்னான்.

2006-ல் தொழிற்சாலைச் சொத்துக்கள் ஏலம் போயின. மிஞ்சியிருந்த உதிரி பாகங்களை வாங்கியவர் யார் தெரியுமா? பழைய ரோவர்களுக்குப் பாகம் விற்கும் ஓர் இங்கிலாந்துக் கம்பெனி! சீமையிலிருந்து வந்தது சீமைக்கே போய்ச் சேர்ந்தது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று ஐ.டி. வளாகமும் அடுக்குமாடியும் நிற்கின்றன. மாணவர்களே, உங்களில் சிலர் நாளை அங்கேயே வேலைக்குப் போகலாம்.

என் வண்டி? 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. மனசு விட்டுப்போய், பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டேன். தோழனிடம் பிறகுதான் சொன்னேன். அப்பா அதற்குள் காலமாகியிருந்தார். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்தப் பின் கதவையாவது கழட்டி வெச்சிருக்கலாமேடா" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரைதான் பதில். நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் அந்தத் தொழிற்சாலையின் அடையாள அட்டையோ, சம்பளச் சீட்டோ, ஒரு போட்டோவோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த சந்திப்புக்கு எடுத்து வாருங்கள். ஒரு மேஜை போட்டு வைப்போம். தோழனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.