முத்திரை பெற்ற டிரைவரும் திருடன் கைச் சாவியும்

படிவம் நான்கு மாணவர்களிடம் இணையக் குற்றங்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், வகுப்பு முழுக்க ஒரே கட்டுரைதான் வரும். கடவுச்சொல்லைத் திருடுவார்கள், வங்கிப் பணத்தை எடுப்பார்கள், ஆகவே விழிப்புடன் இருப்போமாக. தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கே, எப்போது, எப்படி நடந்தது என்று கேட்டால் ஓர் எடுத்துக்காட்டும் வராது. போன தவணையில் ஒரு மாணவர் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: “டீச்சர், ஒரு கேம் விளையாடறதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரோட முழு அனுமதியும் கேக்குது?” அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அது ஒரு வரலாற்றுப் பாடமாகவே இருந்தது. அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். இயங்குதளத்தின் நடுவே கெர்னல் என்ற பகுதி இருக்கிறது. நினைவகம், வட்டு, விசைப்பலகை எல்லாம் அதன் கையில். நாம் திறக்கும் உலாவி, வேர்ட், கேம் எதுவானாலும் கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். டிரைவர் என்பது அச்சுப்பொறி, வரைகலை அட்டை போன்ற சாதனங்களோடு பேசுவதற்கு உதவும் சிறு மென்பொருள். (தமிழில் இயக்கி என்று எழுதலாம், வகுப்பில் டிரைவர் என்றால்தான் புரிகிறது. பஸ் டிரைவர் ஜோக் எப்படியும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) டிரைவரை எழுதுவது பெரும்பாலும் ஏதோ ஒரு வெளி நிறுவனம். ஆனால் அது வேலை செய்வதோ கெர்னலுக்கு உள்ளே, கெர்னலுக்கு உள்ள எல்லா அதிகாரத்தோடும்.

நம் பள்ளியையே நினைத்துப் பாருங்களேன். ஏர்கோன் பழுதுபார்க்க வரும் வெளியாளுக்கு ஜாகா ஓர் அறையின் சாவியைத் தரலாம். மொத்தச் சாவிக்கொத்தையும் தந்தால்? வந்தவர் நல்லவராகவே இருக்கட்டும். கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலே போதும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். டிரைவரில் இருக்கும் ஓட்டை அப்படிப்பட்டது. குறைந்த அனுமதியோடு உள்ளே வந்த ஒரு நிரல், அந்த ஓட்டை வழியாகக் கெர்னலின் அதிகாரத்தையே பெற்றுக்கொள்வதை உரிமை உயர்த்தல் என்கிறார்கள்.

சரி, முழுக் கொத்தையும் ஏன் கொடுத்தார்கள்? இங்கேதான் வரலாறு வருகிறது. 1960களில் அமெரிக்காவில் எம்.ஐ.டி., பெல் ஆய்வகம், ஜெனரல் எலெக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து உருவாக்கத் தொடங்கிய மல்டிக்ஸ் இயங்குதளத்தில், அதிகாரத்தை வளையங்களாகப் பிரிக்கும் யோசனை இருந்தது. உள்வளையத்துக்கு அதிக அதிகாரம், வெளியே போகப் போகக் குறைவு. 1982இல் வந்த இன்டெல் 80286 சில்லில் 0 முதல் 3 வரை நான்கு வளையங்கள் இருந்தன. 0 கெர்னலுக்கு, 3 நம்முடைய நிரல்களுக்கு. இடையில் இருந்த இரண்டு வளையங்களில் டிரைவர்களை உட்கார வைத்திருக்கலாம் இல்லையா?

வைக்கவில்லை. 1993இல் விண்டோஸ் என்.டி. வந்தபோது, அது இன்டெல் சில்லில் மட்டுமன்றி, இரண்டே நிலைகள் கொண்ட வேறு சில்லுகளிலும் ஓட வேண்டியிருந்தது. அதனால் 0, 3 இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நடு வளையங்கள் காலியாகக் கிடந்தன. டிரைவர்கள் கெர்னலோடு 0க்குள் போய்விட்டன. 1996இல் என்.டி. 4.0 வெளிவந்தபோது, அதுவரை வெளியே இருந்த வரைகலைப் பகுதியையும் வேகத்துக்காகக் கெர்னலுக்குள் கொண்டுபோனார்கள். அன்றைய கணினிகளின் வேகத்தை நினைத்தால் அந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வேகத்துக்காக எடுத்த முடிவுக்குப் பாதுகாப்பில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. பத்து ஆண்டு கழித்து, விஸ்டாவில், வரைகலை டிரைவரின் ஒரு பெரும்பகுதியை மறுபடியும் வெளியே கொண்டுவந்தார்கள்.

அதே விஸ்டாவின் 64 பிட் பதிப்பில்தான் இன்னொரு மாற்றமும் வந்தது. 2007 முதல், மின்கையொப்பம் இல்லாத டிரைவர் எதையும் கெர்னலுக்குள் விடுவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. நல்ல முடிவுதான். ஆனால் கையொப்பம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எஸ்.பி.எம். சான்றிதழில் முத்திரை இருந்தால் சான்றிதழ் உண்மையானது என்று அர்த்தம். உள்ளே எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ வாங்கியிருக்கிறார் என்று அர்த்தமில்லையே! டிரைவரின் கையொப்பமும் அப்படித்தான். இதை எழுதியது இன்ன நிறுவனம், நடுவில் யாரும் திருத்தவில்லை என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. உள்ளே ஓட்டை இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்விக்கு மிக வேடிக்கையான பதில் 2016 செப்டம்பரில் கிடைத்தது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் தன்னுடைய ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ கேமின் கணினிப் பதிப்புக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. ஏமாற்றி விளையாடுபவர்களைத் தடுப்பதுதான் நோக்கம். அதற்காக ஒரு டிரைவரையும் சேர்த்திருந்தார்கள். முறையான கையொப்பம் உள்ள டிரைவர். அது என்ன செய்தது தெரியுமா? நவீன சில்லுகளில் ஒரு பாதுகாப்பு உண்டு: சாதாரணப் பயனரின் நினைவகத்தில் இருக்கும் நிரல்வரியைக் கெர்னல் அதிகாரத்தோடு ஓட விடாது. இந்த டிரைவர் அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடும். அடுத்து, வெளியிலிருந்து ஒரு நிரல் கொடுக்கும் வரிகளைக் கெர்னல் அதிகாரத்தோடு ஓட்டும். முடிந்ததும் பாதுகாப்பை மறுபடி போட்டுவிடும். யார் கொடுத்த வரி என்று ஒழுங்காகக் கேட்கவே இல்லை. இதை ஓட்டை என்று சொல்வதா, வாசல் என்று சொல்வதா? கேம் ஒவ்வொரு முறையும் உயர் அனுமதி கேட்பதைப் பார்த்து விளையாட்டாளர்களே சந்தேகப்பட்டுக் கிளறினார்கள். கேப்காம் மன்னிப்புக் கேட்டு உடனே அந்தப் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் கையொப்பமிட்ட டிரைவர் கோப்பு உலகத்துக்குப் போய்விட்டது. அதைத் திரும்பப் பெற முடியுமா?

கேப்காம் கதை ஒரு நாள் கூத்து. டெல் கதை பன்னிரண்டு வருடம். அந்த நிறுவனத்தின் கணினிகளில் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதற்காக வந்த ஒரு டிரைவரில் ஓட்டை இருப்பதைச் சென்டினல்ஒன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, 2020 டிசம்பரில் நிறுவனத்திடம் சொன்னார்கள். 2021 மே மாதம் விவரம் வெளிவந்தது. 2009 முதலே விநியோகத்தில் இருந்த டிரைவர். பாதிக்கப்படக்கூடியவை கோடிக்கணக்கான கணினிகள். சாதாரணப் பயனர் கணக்கில் ஓடும் எந்த நிரலும் அந்த டிரைவரிடம் கட்டளை கொடுக்கலாம், அதுவும் கேட்கும். யார் கேட்கிறார்கள் என்று பார்க்கவில்லை. நினைவகத்தில் விரும்பிய இடத்தில் எழுதிக் கொடுத்தது. டெல் திருத்தம் வெளியிட்டது.

அதோடு முடிந்ததா? அதே 2021இன் இறுதி மாதங்களில், நெதர்லாந்தில் ஒரு விண்வெளித் துறை நிறுவன ஊழியருக்கும் பெல்ஜியத்தில் ஒரு செய்தியாளருக்கும் வேலைவாய்ப்புக் கடிதம்போல ஆவணங்கள் வந்தன. அனுப்பியது லாசரஸ் என்ற கும்பல் என்கிறது ஈசெட் நிறுவனம். உள்ளே நுழைந்தவர்கள் அந்தப் பழைய டெல் டிரைவரைத் தாங்களே கையோடு கொண்டுவந்து நிறுவி, அதன் வழியாகக் கெர்னலுக்குள் கைவைத்து, விண்டோஸின் கண்காணிப்பு வசதிகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். இதைக் கவனமாகப் படியுங்கள் மாணவர்களே: பாதிக்கப்பட்டவர் டெல் கணினி வைத்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. உங்கள் வீட்டுப் பூட்டு நல்ல பூட்டுதான்; திருடன் வேறொரு வீட்டுக்காக முறையாகச் செய்த சாவியைக் கொண்டுவருகிறான், உங்கள் கதவும் அதற்குத் திறக்கிறது.

இப்போது என் மாணவருக்குப் பிடித்த கேமுக்கு வருவோம். ‘கென்ஷின் இம்பாக்ட்’. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க அதிலும் ஒரு கெர்னல் டிரைவர் உண்டு. 2022 ஜூலையில் பிணைத்தொகைக் கும்பல் ஒன்று அந்த டிரைவரைப் பயன்படுத்தி வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்தியதாக டிரெண்ட் மைக்ரோ அடுத்த மாதம் எழுதியது. தாக்கப்படும் கணினியில் அந்த கேம் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. டிரைவர் கோப்பு ஒன்று மட்டும் போதுமாக இருந்தது. ‘நான் கேம் விளையாடறதில்ல, எனக்கென்ன’ என்று சொல்லும் ஆசிரியர் அறை நண்பர்களுக்காகவே இந்த வரி.

அப்படியானால் கெட்ட டிரைவர்களின் கையொப்பத்தை ரத்து செய்துவிட்டால் என்ன? கேட்பதற்கு எளிது. ஆனால் அதே டிரைவரை நம்பி ஓடும் நேர்மையான கணினிகளும் இருக்கின்றன. ரத்து செய்தால் அவையும் நிற்கலாம். அதனால் மைக்ரோசாஃப்ட் தடைப்பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலும் பழைய விண்டோஸ் 10 கணினிகள் பலவற்றுக்குச் சில ஆண்டுகளாகப் போய்ச் சேரவில்லை என்று 2022இல் தெரியவந்து, பிறகு சரிசெய்தார்கள். விண்டோஸ் 11இன் 2022 புதுப்பிப்பிலிருந்து பட்டியல் தானாகவே செயல்படுகிறது.

கட்டுரையில் பயன்படுத்த நினைக்கும் மாணவர்கள் மூன்றையும் திணிக்க வேண்டாம். டெல் நிகழ்வு ஒன்றை மட்டும் எடுத்து, ஆண்டு, காரணம், விளைவு என்று ஒரு பத்தி எழுதினாலே கட்டுரைக்குக் கனம் வந்துவிடும்.

என் மாணவருக்கு இதையெல்லாம் சொன்ன மறுநாள், அவர் வீட்டு மடிக்கணினியில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘கோர் ஐசொலேஷன்’ பக்கத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கே ஒரு பொத்தான் அணைந்திருந்தது. போட்டால் போட முடியவில்லை. பொருந்தாத டிரைவர் ஒன்று இருக்கிறது என்று பெயரோடு காட்டியது. கேமின் டிரைவர் இல்லை. அப்பா எப்போதோ தூக்கிப் போட்ட பழைய அச்சுப்பொறியின் டிரைவர்.