விரல் போனவரும் குரல் போனவரும்: ஒரு உறுமலின் வரலாறு

1/
போன மாசம் ஒரு திங்கட்கிழமை. இலுப்பூர்ல புறநோயாளிகள் பிரிவு. திங்கள்னா கூட்டம் எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. வரிசையில நின்ன ஒரு தம்பியோட போன் அடிச்சுது. ரிங்டோனா அது? இரும்புப் பட்டறைக்குள்ள எருமை மாட்டிக்கிட்டு கத்துற மாதிரி ஒரு உறுமல்.

பின்னாடி நின்ன அப்பத்தா, "ஏப்பா, மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டியவன் வழி தெரியாம இங்க வந்துட்டியா"ன்னு கேட்க, மொத்த வரிசையும் சிரிச்சிருச்சு.

2/
தம்பிக்கு இருபது வயசு இருக்கும். தை பிறந்துட்டா ஜல்லிக்கட்டு வர்ணனை. பங்குனி, சித்திரையில திருவிழா ஆர்கெஸ்ட்ராவுல பாட்டு. ரெண்டு மாசமா குரல் கம்மிப் போயிருக்கு. பேசினா பாதி காத்துதான் வருது.

(அவரை யாரும் அடையாளம் காணக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

"கொஞ்ச நாளைக்குப் பாடக்கூடாது, கத்தக்கூடாது, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கணும்"னு சொன்னேன்.

"எனக்கு இது ஒண்ணுதான் சார் தெரியும். அப்புறம் நான் என்ன பண்றது?"

3/
இந்தக் கேள்விக்கு எம்பிபிஎஸ் புத்தகத்துல பதில் கிடையாது. ஆனா அவரோட ரிங்டோன்லயே ஒரு பதில் இருந்துச்சு. அந்த உறுமலைச் செய்த மனிதரும் ஒரு காலத்துல தொண்டை கெட்டுப்போன பாடகர்தான்.

அவர் கதையைச் சொல்லணும்னா முதல்ல ஒரு விரல் கதையைச் சொல்லணும். பொறுமையா வாங்க.

4/
இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். 1960களின் நடுப்பகுதி. நம்ம கோயம்புத்தூர் மாதிரி பட்டறையும் ஆலையும் நிறைஞ்ச ஊர். டோனி அயோமி என்ற 17 வயசுப் பையன் தகடு வெட்டும் ஆலையில வேலை பார்க்கிறான். மீதி நேரத்துல கிட்டார்.

ஐரோப்பாவுல கச்சேரி பண்ண வாய்ப்பு வந்ததால வேலையை விட முடிவு பண்ணிட்டான். அன்னைக்குக் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், "இனிமே போகல"ன்னு சொல்ல, "எடுத்த வேலையை ஒழுங்கா முடிச்சுட்டு வா"ன்னு அம்மா திருப்பி அனுப்பினாங்க.

அன்னைக்கு மதியம்தான் இயந்திரம் அவனோட வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளைப் பறிச்சுது.

5/
அயோமி இடது கைப் பழக்கக்காரர். அதாவது, தந்தியை அழுத்துற கை வலது கை. அதோட ரெண்டு விரல் நுனி இல்லைன்னா கிட்டாரை மறந்துட வேண்டியதுதான்னு எல்லாரும் சொன்னாங்க.

ஆலையின் மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டோட வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசிச்சது. 1928ல தீ விபத்துல இடது கையின் ரெண்டு விரல்கள் முடங்கியும், ஜாஸ் கிட்டாரில் பெரும் பெயர் எடுத்தவர் ஜாங்கோ. நல்ல வார்த்தை சொல்லக் கிளம்பியவர், கையோட ஒரு முன்னுதாரணத்தையும் எடுத்துட்டு வந்திருக்கார் பாருங்க. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச ஆளே அந்த மேற்பார்வையாளர்தான்.

6/
அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வர்ற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி செஞ்சுக்கிட்டார். மேல தோல் ஒட்டினார். செயற்கை உறுப்பு, வீட்டுத் தயாரிப்பு!

தொப்பி போட்ட விரலுக்குத் தொடு உணர்வு கிடையாது. அதனால மெல்லிய தந்தி போட்டார். பிறகு தந்தியின் முறுக்கையும் தளர்த்தினார். தந்தி தளர்ந்தா சுருதி இறங்கும், ஓசை இருண்டு கனக்கும்.

1970ல அவரோட பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம். 1971ல வந்த மூன்றாவது ஆல்பத்துல பல பாட்டுகளை மூணு அரைச் சுரம் இறக்கியே வாசிச்சார். உலகம் அதுக்கு வச்ச பேர் ஹெவி மெட்டல்.

7/
இப்ப கடலைத் தாண்டி ஜமைக்கா.

1950கள்லயே கிங்ஸ்டன் நகரத் தெருக்கள்ல ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போடும் பழக்கம் வந்துருச்சு. நம்மூர் திருவிழாவுல குழாய் ரேடியோ போய் பாக்ஸ் ஸ்பீக்கர் வந்தப்ப நெஞ்சுல ஒரு அதிர்வு தெரிஞ்சுதுல்ல? அதே அதிர்வுதான்.

அங்கே கிங் டப்பி என்ற எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் கலைஞர், பதிவான பாட்டுல இருந்து குரலை உருவி எடுத்துட்டு, பேஸையும் டிரம்ஸையும் முன்னால தள்ளி, எதிரொலி சேர்த்தார். இதுதான் டப்.

8/
ஜமைக்கா மக்கள் வேலை தேடி இங்கிலாந்து போனப்ப டப்பும் கூடவே போச்சு. அது பல கிளை விட்டு, 2000களின் தொடக்கத்துல லண்டனின் தெற்கே குராய்டன்ல டப்ஸ்டெப் ஆச்சு. நிமிஷத்துக்குச் சுமார் 140 துடிப்பு. இடையில நிறைய வெற்றிடம். அடியில, காதால கேட்கிறதைவிட உடம்பால உணர்ற பேஸ்.

மனுசக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். டப்ஸ்டெப் புழங்குறது அந்த வரம்பின் அடித்தட்டுல.

9/
மெட்டலும் டப்பும் ஒண்ணு வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை, இன்னொண்ணு கறுப்பினத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. ரெண்டும் அடித்தட்டு, ரெண்டும் கனம். சந்திக்காம இருக்குமா?

சந்திச்சுது. அதுவும் அதே பர்மிங்காம்ல. உலகத்தின் அதிவேக மெட்டல் குழுக்கள்ல ஒண்ணான நேப்பாம் டெத்தின் டிரம்ஸ் கலைஞர் மிக் ஹாரிஸ், 1991ல அதிலிருந்து விலகி ஸ்கார்ன் என்ற குழுவைத் தொடங்கினார். வேகத்தை முழுசா விட்டுட்டு, மெதுவான, இருண்ட, பேஸ் நிறைஞ்ச டப் பக்கம் போனார். டப்ஸ்டெப்னு ஒரு பேர் வர்றதுக்குப் பல வருசம் முன்னாடியே!

10/
நம்மாளுங்க சும்மா இருந்தாங்களா? இல்ல. 1993ல லண்டன்ல தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஏசியன் டப் ஃபவுண்டேஷனைத் தொடங்கினாங்க. டப் பேஸ், வேகமான எலக்ட்ரானிக் தாளம், முரட்டு கிட்டார் எல்லாம் ஒரே மேடையில.

கிட்டார் வாசிச்ச ஸ்டீவ் சந்திரா சவாலே எல்லாத் தந்திகளையும் ஒரே சுரத்துல கூட்டி, கத்தியால வாசிப்பார். நம்ம தம்பூராவின் ரீங்காரத்தை மின்சாரத்துல போட்ட மாதிரி இருக்கும். இவங்களோட 1998 ஆல்பம் ரஃபிஸ் ரிவெஞ்ச், பிரிட்டனின் மெர்குரி பரிசுக்குப் பரிந்துரையாச்சு.

11/
சரி, ரிங்டோன்காரருக்கு வருவோம்.

சன்னி மூர். 1988ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல பிறந்தவர். 2004ல, 16 வயசுல, ஃப்ரம் ஃபர்ஸ்ட் டு லாஸ்ட் குழுவின் பாடகர் ஆனார். மெட்டலுக்குப் பங்காளி முறையான இசை. பாதி பாட்டு, பாதி அலறல். 2006ல இரண்டாவது ஆல்பம். தயாரிப்பாளர் ராஸ் ராபின்சன். கார்ன் என்ற மெட்டல் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரிச்சவரும் இவர்தான். கார்ன் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

12/
தொண்டை தாங்கல. சுற்றுப்பயணங்களை ரத்து செய்ய வேண்டியதாச்சு. அறுவை சிகிச்சை நடந்துச்சு. திரும்ப மேடை ஏறினார். திரும்பத் தொண்டை மக்கர் பண்ணுச்சு. குழு இன்னொரு பயணத்திலிருந்தும் பாதியில விலகுச்சு. 2007ல சன்னி குழுவை விட்டே வெளியே வந்தார். அப்ப வயசு 19.

குரல் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். எலக்ட்ரானிக் இசை மேல அவருக்கு முன்னாடியே ஈர்ப்பு இருந்துச்சு. ஆனா ஒரு கதவு ஒட்டிக்கிட்டதும் அடுத்த கதவைத் தள்ளிப் பார்த்தார்.

13/
கொஞ்சம் மருத்துவம் பேசிடுவோம்.

குரல்வளையில ரெண்டு குரல் நாண்கள் இருக்கு. பேசும்போது ஆண்களுக்கு விநாடிக்கு நூறு தடவைக்கு மேல, பெண்களுக்குச் சுமார் இருநூறு தடவை ஒண்ணோடொண்ணு மோதும். கத்தினா மோதுற வேகம் இன்னும் கூடும். மண்வெட்டி பிடிக்கிற கையில காய்ப்பு ஏறுதுல்ல? அதே மாதிரி அங்கேயும் முடிச்சு ஏறும். நாண்கள் சரியா மூடாது. இடைவெளியில காத்து கசியும். அதுதான் அந்தக் கம்மல்.

14/
ஆனா ஓசை நாண்ல பிறந்தாலும் அது 'ஆ'வா 'ஈ'யான்னு முடிவு பண்றது மேல இருக்கிற தொண்டையும் வாயும்தான். அந்தக் குழாயின் வடிவம் மாறும்போது சில அதிர்வெண்கள் மட்டும் தூக்கலாகும்.

இதையே கம்ப்யூட்டர்ல செய்யலாம். ஒரு முரட்டு பேஸ் ஓசையை எடுத்து, வாய் திறந்து மூடுற மாதிரி வடிகட்டியை அசைச்சா, இயந்திரம் 'வாவ்... யா...'ன்னு பேச ஆரம்பிக்கும். அப்பத்தா கேட்ட எருமைக் குரல் இப்படித்தான் பிறக்குது.

15/
தொண்டையால அலற முடியாத பாடகர், லேப்டாப்பை அலற வச்சார். புதுப் பேர் ஸ்க்ரில்லெக்ஸ். 2010 அக்டோபர்ல வந்த ஸ்கேரி மான்ஸ்டர்ஸ் அண்ட் நைஸ் ஸ்ப்ரைட்ஸ் உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்சுது. 2012 பிப்ரவரியில மூணு கிராமி விருது.

அந்தப் பாட்டைக் கேளுங்க. மெதுவா ஏறி, ஒரு நொடி நின்னு, மொத்தமா இடிஞ்சு விழும். மெட்டல்ல கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து செய்யற அதே வேலை.

16/
கார்ன் ஞாபகம் இருக்கா? 2011ல அவங்க ஸ்க்ரில்லெக்ஸோட சேர்ந்து கெட் அப் என்ற பாட்டை வெளியிட்டாங்க. அதே வருசம் டிசம்பர்ல, பல பேஸ் இசைக்காரங்களோட முழு ஆல்பமே வந்துச்சு.

ரெண்டு பக்கமும் அடி விழுந்துச்சு. மெட்டல் ரசிகர்கள் "லேப்டாப்புக்குப் போயிட்டீங்களே"ன்னாங்க. லண்டன் டப்ஸ்டெப்காரங்க "எங்க அமைதியான இசையைக் கெடுத்துட்டான்"னாங்க. அவங்க வருத்தத்துலயும் நியாயம் இருக்கு. வெற்றிடம் நிறைஞ்ச இசையை இவர் இரைச்சலால நிரப்பிட்டார்ங்கிறது உண்மைதானே.

17/
ஆனா கலப்பு நமக்கென்ன புதுசா?

பஜனையில தட்டுன கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தவர் நம்ம புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. உடும்புத் தோலை உள்பக்கம் நனைச்சு, பிடிச்ச கையாலயே விளிம்பை அழுத்தித் தளர்த்தினா, ஓசை வழுக்கிக்கிட்டே கீழ இறங்கும். கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்க. மின்சாரம் இல்லாத டப்ஸ்டெப் பேஸ் அது!

18/
இன்னொண்ணு. நம்ம பக்கத்துக் குடுமியான்மலை இசைக் கல்வெட்டு. காலம் 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு. ஏழு பிரிவா சுரங்களைப் பாறையில வெட்டி வச்சிருக்காங்க. இவை எட்டுக்கும் ஏழுக்கும் பொருந்தும்னு கூடவே ஒரு தமிழ்க் குறிப்பு. எட்டுத் தந்தி யாழுக்கும் ஏழு தந்தி யாழுக்கும்னு அறிஞர்கள் சிலர் பொருள் சொல்றாங்க.

கார்ன் குழு ஆழமான ஓசைக்காகத் தேடிப் பிடிச்சது ஏழு தந்தி கிட்டார். வேற மெட்டல் குழுக்கள் எட்டுக்கும் போயாச்சு. ரெண்டுக்கும் தொடர்பு இருக்குன்னு வாட்ஸ்அப்ல கிளப்பி விட்டுடாதீங்க, ஒரு தொடர்பும் இல்ல. தந்தியைக் கூட்டிப் பார்க்கிற ஆசை எல்லாக் காலத்துலயும் மனுசனுக்கு இருந்திருக்கு, அவ்வளவுதான்.

19/
டாக்டரா சொல்ல வேண்டியதையும் சொல்லிடுறேன்.

குரல் கம்மல் மூணு வாரத்துக்கு மேல நீடிச்சா காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் இருந்தா கட்டாயம் பாருங்க. எல்லாக் கம்மலும் காய்ப்பு இல்ல, சிலது புற்றா இருக்கலாம். காய்ப்புன்னா பெரும்பாலும் கத்தி தேவைப்படாது. ஓய்வு, தண்ணி, குரல் பயிற்சி. கிசுகிசுப்பா பேசுறது ஓய்வு ஆகாது.

காதுக்கு: 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம் பாதுகாப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 90 டெசிபல்னா 4 மணி நேரம்தான். பாக்ஸ் ஸ்பீக்கர் முன்னாடி பிள்ளைங்களை நிறுத்தாதீங்க.

20/
இதையெல்லாம் அந்தத் தம்பிகிட்ட சொல்ல அன்னைக்கு எனக்கு நேரம் இல்ல. வரிசையில இன்னும் நூறு பேர். புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதிட்டு, "உன் ரிங்டோன்காரனுக்கும் தொண்டை போச்சுப்பா, தேடிப் படி"ன்னு மட்டும் சொன்னேன்.

போன வாரம் வந்தார். காய்ப்புதானாம். குரல் பயிற்சி போயிட்டிருக்கு. ஆர்கெஸ்ட்ராவுல இப்போதைக்கு மிக்சர் போர்டுல உட்கார்ந்திருக்கார்.

"பாடறதை விட்டுட்டு அதுல உட்கார ஒரு மாதிரியாதான் சார் இருக்கு"ன்னார்.

இருக்கும். அதை நான் இல்லைன்னு சொல்லல. சன்னி மூர் மறுபடி தன் பழைய குழுவோட சேர்ந்து பாடி ஒரு பாட்டு வெளியிட்டது 2017 ஜனவரியில. விலகி பத்து வருசம் கழிச்சு. அதைத்தான் தம்பி போன்ல போட்டுக் காமிச்சேன்.

இவருக்கு அவ்வளவு நாள் ஆகாது. அடுத்த தை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்.


அரசு மருத்துவர், இலுப்பூர்