வேலை கொடுத்த திருச்சபை

பசித்தவனுக்கு ஒரு வேளைச் சோறு போடுவது எளிது. அவன் தினமும் உழைத்துச் சாப்பிட வழி செய்வதுதான் கடினம். 19ஆம் நூற்றாண்டில் மங்களூரில் இந்தக் கடினமான வேலையைச் செய்தது பாசல் மிஷன்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த இந்த மிஷன் 1834இல் மங்களூர் வந்தது. அன்று தொழில் சாதியோடு பிணைந்திருந்தது. கிறிஸ்தவர்களாக மாறிய பலர் சாதியிலிருந்து விலக்கப்பட்டு, பிழைப்பையும் இழந்தனர். கள் இறக்கியவர்கள் அத்தொழிலையே விட வேண்டியதாயிற்று.

தானம் கொடுத்தால் அவர்கள் என்றும் கையேந்துவார்கள் என்பதை மிஷன் உணர்ந்தது. முதலில் விவசாயம் முயன்றும் போதிய பலனில்லை. பிறகு நெசவுச்சாலைகள் வந்தன. 1865இல் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். களிமண் உள்ளூரிலேயே கிடைத்தது. தீப்பிடிக்கும் ஓலைக்கூரைக்கு மாற்றாக ஓட்டுக்குச் சந்தையும் இருந்தது. இரக்கத்திற்காக அல்ல, தரத்திற்காகவே மக்கள் அதை வாங்கினர். வேலை நிலைத்ததற்குக் காரணம் இதுவே.

குறையும் உண்டு. சம்பளம் கொடுத்ததும் சபை, ஒழுக்கத்தைக் கண்காணித்ததும் சபை. அதனால் தொழிலாளியின் சுதந்திரம் சுருங்கியது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு அந்த ஆலைகளைக் கையகப்படுத்தியது. ஆனால் அதற்குள் மற்றவர்களும் மங்களூரில் ஓட்டாலைகள் நிறுவியிருந்தனர். முதலாளி மாறினாலும் கற்ற தொழில் கையில் இருந்தது. நிலையான உதவி என்பது அதுதான்.