சேற்றின் செந்நிறம்

சேற்றில் பிறப்பது என்ற பொருளில் தாமரைக்குப் பங்கயம் என்று பெயர். அதே சேற்றில் இன்னொரு செம்மையும் பிறக்கிறது. அழுகும் இலைதழை நிறைந்த, காற்றுப் புகாத நீரில் வெயில் விழுமிடத்தில் சில வேளை இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ ஒரு படலம் தோன்றும். ஊதாக் கந்தக பாக்டீரியாக்களின் கூட்டம் அது. இலைகளைப் போல அவையும் ஒளியைக் கொண்டு உணவு சமைப்பவை. ஆனால் ஆக்சிஜனை வெளியிடுவதில்லை. இச்சிறு வேறுபாடு அறிவியலாரை அரை நூற்றாண்டுக்குக் குழப்பியது.

1883இல் எங்கெல்மான் என்னும் ஜெர்மானிய உடலியலாளர் இவ்வுயிர்கள் ஒளியை உணர்வதை விவரித்தார். நிறமாலையை நுண்ணோக்கியின் கீழ் வீழ்த்தியபோது, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் பகுதியிலும் அவை திரண்டன. ஒளிச்சேர்க்கை என்றால் ஆக்சிஜன் வெளிவந்தாக வேண்டும் என்பது அக்கால நம்பிக்கை. அவரும் பின்னர் அவ்வாறே முடிவு செய்தார். ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கியோ, இவற்றுக்கு ஹைட்ரஜன் சல்பைடு தேவை என்றும், இவை கந்தகத்தை உடலுக்குள் மணிகளாகச் சேமிக்கின்றன என்றும் காட்டினார். ஒருவர் ஒளியைக் கண்டார். மற்றவர் கந்தகத்தைக் கண்டார்.

இரண்டையும் இணைத்தவர் டச்சுக்காரரான வான் நீல். கலிபோர்னியக் கடற்கரை ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய அவர், 1931இல் ஓர் எளிய ஒப்புமையை முன்வைத்தார். பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடைப் பிளந்து, ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு கந்தகத்தை மிச்சம் வைக்கிறது. அப்படியானால் தாவரம் நீரைப் பிளந்து, ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை மிச்சம் வைக்க வேண்டும். ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருகிறது என்ற பழைய எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது. 1941இல் ரூபனும் காமனும் அவர்தம் குழுவினரும் ஆக்சிஜன்-18 கொண்டு நடத்திய சோதனை, நீரே ஊற்று என்பதை உறுதிசெய்தது. நாம் மூச்சிழுக்கும் காற்றின் பிறப்பிடத்தைச் சேற்றுயிர் ஒன்று சொல்லித் தந்தது எனலாம்.

எங்கெல்மான் எழுதிய அதே 1883இல், கிளாஸ் என்னும் வேதியியலாளர் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து கந்தகம் பிரிக்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அம்முறையின் வழித்தோன்றலே இன்றும் உலகெங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இயங்குகிறது. 1969இல் மணலியில் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையும் கச்சா எண்ணெயின் கந்தகத்தைப் பிரித்தெடுக்கிறது. ஆலைக்கு ஆயிரம் பாகை அளவிலான வெப்பமும் ஆக்சிஜனும் வேண்டும். பாக்டீரியாவுக்கு வெயில் போதும்.

இந்திய மண்ணுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. அலையாத்திக் காட்டு மண்ணிலிருந்து பிரித்த ஓர் இனத்தை ஐதராபாத் ஆய்வாளர்கள் 2005இல் விவரித்து, மாரிகுரோமேட்டியம் இண்டிகம் எனப் பெயரிட்டனர். எண்ணூர்க் கழிமுகத்திலும் அலையாத்தி மரங்கள் எஞ்சி நிற்கின்றன. அச்சேற்றை வெறும் கழிவு கொட்டும் இடமாகக் காண்பவர்கள் அதை ஒருமுறையேனும் நுண்ணோக்கியில் காண வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. அந்நுண்ணுயிருக்கு உணவாகும் இதே வாயுதான் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கும் தொழிலாளியைக் கொல்கிறது. செறிவு மிகும்போது முதலில் மோப்பத்தையே மரக்கச் செய்வதால், நாற்றம் எச்சரிக்கையாகவும் உதவுவதில்லை. பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. மரணங்கள் ஓயவில்லை. இவ்வாயுவின் வேதியியலை 1883இலிருந்தே அறிந்துவந்த சமூகம், அறியாமையைக் காரணமாகச் சொல்ல முடியாது.