பிரேக் இல்லாத சைக்கிளில் மின்னல் வேகம்: மிதிப்பது 10 விநாடி, ஓய்வு 10 நிமிடம்!

200 மீட்டர் தூரத்தை 9.088 விநாடியில் கடந்தார், நெதர்லாந்து வீரர் ஹாரி லாவ்ரேசன். 2024 பாரீஸ் ஒலிம்பிக் டிராக் சைக்கிள் போட்டியில் நடந்தது இது. கணக்குப் போட்டால் மணிக்கு 79 கிலோ மீட்டர். மோட்டார் கிடையாது, வெறும் கால் பலம்தான்!

நாள் முழுக்க மிதித்தால் இந்த வேகம் வந்துடும் என்று பல பையன்கள் நினைக்கிறார்கள். அங்கேதான் தப்பு.

முழு வேகத்தில் மிதிக்கும்போது தசையில் இருக்கும் 'கிரியேட்டின் பாஸ்பேட்' என்ற சரக்கு சுமார் 10 விநாடியில் பெருமளவு தீர்ந்து விடும். அது மறுபடி நிரம்ப சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் திரும்ப மிதித்தால் கால் சுற்றும், வேகம் வராது.

பயிற்சி விவரம் வருமாறு:-

* முதலில் 20 நிமிடம் மெதுவாக ஓட்டி உடம்பைச் சூடாக்க வேண்டும்.

* நின்ற நிலையில் பாய்ச்சல்: பின்னால் ஒருவர் வண்டியைப் பிடித்துக் கொள்வார். சொன்னதும் எழுந்து நின்று மிதித்து 125 மீட்டர், அதாவது 250 மீட்டர் டிராக்கில் அரை சுற்று போக வேண்டும். 4 முதல் 6 தடவை. நடுவில் 8 முதல் 10 நிமிடம் ஓய்வு.

* பறக்கும் 200: டிராக்கின் மேட்டில் ஏறி, சரிவில் பாய்ந்து இறங்கி 200 மீட்டர். 3 தடவை போதும். ஒவ்வொன்றுக்கும் இடையே 15 நிமிடம் ஓய்வு.

* 30 விநாடி பயிற்சி: 30 விநாடி உயிரைக் கொடுத்து மிதித்து, 4 நிமிடம் மெதுவாக ஓட்ட வேண்டும். 4 முதல் 6 தடவை. ஒரு கிலோ மீட்டர் போட்டிக்கு இது கைகொடுக்கும். வாரத்துக்கு 2 நாளுக்கு மேல் வேண்டாம்.

ஸ்டாப் வாட்ச் அவசியம். நேரம் கூடிக்கொண்டே போனால், அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும். தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

டிராக் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். அதனால் இதை ரோட்டில் ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. சென்னை அருகே மேலக்கோட்டையூர் விளையாட்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது போன்ற சைக்கிள் டிராக்கில், பயிற்சியாளர் முன்னால்தான் ஓட்ட வேண்டும்.

நம்மாலும் முடியும் என்பதற்கு சாட்சி உண்டு. 2019-ல் ஜெர்மனியில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் இந்திய அணி டீம் ஸ்பிரிண்டில் தங்கம் வென்றது. 2022-ல் டெல்லியில் நடந்த ஆசிய போட்டியில் மணிப்பூர் வீரர் ரொனால்டோ சிங் ஸ்பிரிண்டில் வெள்ளி வாங்கினார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. டிராக் ஓரமா பிள்ளை 10 நிமிஷம் உட்கார்ந்திருந்தால், 'சும்மா உட்கார்ந்திருக்கானே' என்று திட்டாதீங்க. அதுவும் பயிற்சிதான்!